போர்லி கிராமத்துப் பேய்களும் ஒரு பழைய குமாஸ்தாவும்

"முசே, எப்போது பார்த்தாலும் பென்ஷன், கோப்பு, பழைய தெருப்பெயர் என்றே எழுதுகிறீர்கள். ஒரு நல்ல பேய்க்கதை எழுதக்கூடாதா?" என்று அலுவலக நண்பர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். அவருக்கு எழுபத்தாறு வயது. இந்த வயதில் பேய்க்கதை கேட்கிறாரே என்று சிரித்தேன். பிறகு யோசித்துப் பார்த்தபோது என்னிடம் ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அது நம் ஊர்ப் பேய் இல்லை, இங்கிலாந்துப் பேய். நான் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். ஆங்கிலம் பின்னால் உத்தியோகத்துக்காகக் கற்றுக்கொண்டது. எனவே ஆங்கிலேயர்களின் பேய்களை நான் சற்றே தள்ளி நின்றுதான் பார்ப்பேன். வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

லண்டனுக்கு வடகிழக்கே எசெக்ஸ் மாவட்டத்தின் ஓரத்தில், சஃபோக் எல்லையை ஒட்டி, ஸ்டூர் ஆற்றுக்கு அருகில் போர்லி என்ற குக்கிராமம் இருக்கிறது. அருகில் உள்ள சிறு நகரம் சட்பரி. வயல்கள், ஒரு பழைய மாதா கோயில் போன்ற சிற்றாலயம், சில வீடுகள், அவ்வளவுதான். அந்த ஊருக்கு 'இங்கிலாந்திலேயே பேய் அதிகம் உள்ள வீடு' என்ற பட்டம் வந்து சேர்ந்தது. பட்டம் கிடைத்த வீடு ஆலயத்துக்கு எதிரில் இருந்த போதகர் இல்லம்.

போதகர் என்றதும் நம் ஊர் பங்குச் சாமியாரை நினைத்துக்கொள்ள வேண்டாம். இவர்கள் ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த குடும்பஸ்தர்கள். அந்த வீட்டை 1862-இல் கட்டிய ஹென்றி டாசன் எல்லிஸ் புல் என்பவருக்குப் பிள்ளைகள் 14 பேர். அத்தனை பேரையும் வைத்துக்கொள்ள வேண்டி வீட்டை இன்னும் பெரிதாக்கினார். சிவப்புச் செங்கல், இருபதுக்கும் மேற்பட்ட அறைகள், நடுவில் முற்றம். மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது. முற்றத்துக் கிணற்றிலிருந்து கைப்பம்பில்தான் நீர் இறைக்க வேண்டும். 1892-இல் அவர் இறந்ததும் மகன் ஹாரி புல் அதே பதவிக்கு வந்து, 1927-இல் இறக்கும்வரை அதில் இருந்தார். தந்தையும் மகனும் உயிர் விட்டது 'நீல அறை' என்று பெயர் பெற்ற ஒரே அறையில் என்பார்கள்.

ஊரில் சொல்லப்பட்ட கதை இது. 1362-இல் அந்த இடத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம் ஒன்று இருந்ததாம். ஒரு துறவிக்கும் பக்கத்துக் கன்னியர் மடத்துக் கன்னியாஸ்திரீ ஒருத்திக்கும் காதல். அகப்பட்டுக்கொண்டார்கள். துறவிக்கு மரண தண்டனை. அந்தப் பெண்ணை உயிரோடு சுவரில் வைத்துப் பூசிவிட்டார்கள். அவள்தான் தோட்டத்தில் தலை குனிந்து நடக்கிறாள். அவள் நடக்கும் பாதைக்கே 'கன்னியாஸ்திரீ நடை' என்று பெயர். போதாக்குறைக்கு, தலையில்லாத வண்டிக்காரர்கள் ஓட்டும் குதிரை வண்டி ஒன்றும் இரவில் போகும்.

1900-ஆம் ஆண்டு ஜூலை 28-ஆம் தேதி, அந்தி நேரத்தில், புல் வீட்டுப் பெண்கள் நால்வர் வீட்டிலிருந்து சுமார் நாற்பது கஜ தூரத்தில் அந்தக் கன்னியாஸ்திரீயைப் பார்த்ததாகச் சொன்னார்கள். கிட்டே போனதும் மறைந்துவிட்டாளாம்.

இங்கேதான் என்னுள் இருக்கும் குமாஸ்தா விழித்துக்கொள்கிறான். நான் பல ஆண்டுகள் எத்தா சிவில் பகுதியில், அதாவது பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகளோடு, உட்கார்ந்திருந்தவன். அங்கே முதலில் சொல்லிக் கொடுத்த பாடம்: சம்பவம் நடந்த நாள் வேறு, அது பதிவான நாள் வேறு. இரண்டுக்கும் நடுவே இடைவெளி பெரிதாக இருந்தால் பேனாவைக் கீழே வைத்துவிட்டு யோசி. பிள்ளை பிறந்து இருபது ஆண்டு கழித்துப் பதிய வருபவர் சொல்லும் தேதியை அப்படியே எழுதிவிட முடியாது. கோர்ட்டுக்குப் போய் ஜுய்ஜ்மான் சுய்ப்ளெத்தீஃப் என்ற தீர்ப்பு வாங்கி வரவேண்டும்.

போர்லிக் கதையை இந்தக் கண்ணோடு பாருங்கள். பார்த்தது 1900-இல். உலகத்துக்குத் தெரிந்தது 1929-இல், ஒரு செய்தித்தாள் வழியாக. அந்த இடத்தில் மடம் இருந்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. 14-ஆம் நூற்றாண்டுப் பேய் ஏறிப் போகும் அந்த மாதிரி வண்டி, இங்கிலாந்தில் 16-ஆம் நூற்றாண்டில்தான் புழக்கத்துக்கு வந்தது. கன்னியாஸ்திரீயைச் சுவரில் வைத்துப் பூசும் காட்சியோ வால்டர் ஸ்காட் 1808-இல் எழுதிய 'மார்மியன்' காவியத்திலும், ரைடர் ஹாகார்டின் 'மான்டெசுமாவின் மகள்' நாவலிலும் வருகிறது. பதினான்கு பிள்ளைகள், நீண்ட குளிர்கால இரவுகள், அலமாரி நிறையப் புத்தகங்கள். கதை எந்த வழியாக வீட்டுக்குள் வந்திருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

இன்னொன்றும் எனக்குத் தோன்றுகிறது. எட்டாம் ஹென்றி 1536 முதல் 1540 வரை இங்கிலாந்தின் மடங்களை எல்லாம் மூடினார். நிலம் கைமாறியது, கற்களைப் பெயர்த்து வீடு கட்டினார்கள். அதற்குப் பிறகு நாடு புரொட்டஸ்டண்ட் ஆனது. ஆனால் கிராமத்துப் பேய்களைப் பாருங்கள், எல்லாம் துறவிகளும் கன்னியாஸ்திரீகளும்! விரட்டப்பட்டவர்கள்தான் பேயாக வருகிறார்கள். பிரெஞ்சில் பேய்க்கு 'ரெவனான்' என்று ஒரு சொல் உண்டு. 'திரும்பி வருபவர்' என்பது அதன் நேர்ப்பொருள். பள்ளியில் அந்தச் சொல்லைக் கற்றபோது பயமாக இருந்தது. இப்போது யோசித்தால் இரக்கமாக இருக்கிறது.

ஹாரி புல் இறந்த பிறகு அந்த வீட்டுக்குக் குடிவரப் போதகர் யாரும் எளிதில் சம்மதிக்கவில்லை. கடைசியில் 1928 அக்டோபரில் வந்தவர்கள் கய் எரிக் ஸ்மித்தும் அவர் மனைவி மேபலும். இவர்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள். இந்தக் கதையில் என் மனம் அதிகம் நிற்கும் இடம் இதுதான். நம் வெயிலில் பழகிய இருவர், இங்கிலாந்தின் முதல் குளிர்காலத்தில், கூரை ஒழுகும் அந்த மாளிகையில், எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருப்பதை எண்ணிப் பாருங்கள். அலமாரியைச் சுத்தம் செய்த மேபலுக்குப் பழுப்புக் காகிதத்தில் சுற்றிய மண்டையோடு ஒன்று கிடைத்தது. வேலைக்காரர்களை அழைக்கும் மணிகள், கயிறு அறுந்த பின்னும் ஒலிப்பதாகத் தோன்றியது. ஆளில்லாத பக்கத்தில் காலடிச் சத்தம். ஊர்மக்களோ பேய்க்குப் பயந்து கூட்டத்துக்கு வர மறுத்தார்கள்.

அவர்கள் ஒரு காரியம் செய்தார்கள். பயத்தைப் போக்க உதவி கேட்டு 'டெய்லி மிரர்' நாளிதழுக்கு எழுதினார்கள். உதவி கேட்டவர்களுக்கு வந்து சேர்ந்தது விளம்பரம். 1929 ஜூன் 10-ஆம் தேதி நிருபரின் முதல் கட்டுரை வந்தது. 12-ஆம் தேதி ஹாரி பிரைஸ் வந்தார்.

பிரைஸ் ஆவி ஆராய்ச்சியாளர், செப்பிடு வித்தையும் தெரிந்தவர். அவர் வந்த நாளில்தான் கற்கள் பறந்தன, பூச்சாடி விழுந்து உடைந்தது, கண்ணாடிச் சட்டத்திலிருந்து ஆவிகள் தட்டித் தட்டிப் பேசின. அவர் கிளம்பியதும் அதெல்லாம் நின்றது. மேபல் ஸ்மித் பிற்காலத்தில் இதைச் சந்தேகத்தோடு சுட்டிக்காட்டினார். 'டெய்லி மெயில்' நிருபர் சார்லஸ் சட்டன், தன் தலையில் கல் விழுந்ததும் பிரைஸைப் பிடித்துப் பார்த்ததாகவும், அவர் கோட்டுப் பைகளில் கற்கள் இருந்ததாகவும் சொன்னார். ஆனால் இது வெளியே வந்தது பிரைஸ் இறந்த பிறகு. மீண்டும் பாருங்கள், சம்பவ நாள் வேறு, பதிவு நாள் வேறு. பேயை நம்பாதவர்களுக்கும் இந்த விதி பொருந்தத்தான் வேண்டும்.

செய்தி வந்ததும் இரவில் கூட்டம் வேடிக்கை பார்க்க வந்து வேலியையும் பூச்செடிகளையும் மிதித்தது. ஸ்மித் தம்பதி அந்த ஜூலையிலேயே வீட்டைக் காலி செய்தார்கள். பத்து மாதம்கூட முழுதாக வாழவில்லை.

அடுத்து 1930 அக்டோபரில் வந்தவர் லயனல் ஃபாய்ஸ்டர், புல் குடும்பத்துக்கு உறவினர். கீல்வாதத்தால் அவதிப்பட்டவர். அவர் மனைவி மரியான் அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவர். அடிலெய்ட் என்ற வளர்ப்பு மகளும் உண்டு. இவர்கள் இருந்த ஐந்து ஆண்டுகளில் சுமார் 2,000 நிகழ்ச்சிகள் நடந்தனவாம். பாட்டில்கள் பறந்தன, ஜன்னல்கள் உடைந்தன. பேயோட்ட ஜெபித்த போதகரின் தோளிலேயே முஷ்டி அளவு கல் ஒன்று வந்து விழுந்தது. சுவரில் பென்சில் கிறுக்கல்கள் தோன்றின. மரியானைப் பெயர் சொல்லி அழைத்து, உதவி கேட்டு, மெழுகுவர்த்தியும் பூசையும் ஜெபமும் வேண்டும் என்பதுபோன்ற அரைகுறை வாக்கியங்கள்.

மரியான்! பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவனுக்கு இந்தப் பெயர் வேறு ஒரு முகத்தைக் காட்டும். பிரான்ஸ் குடியரசின் உருவமாகத் தபால்தலையிலும் நாணயத்திலும் இருப்பவள் அவள். இந்த மரியானோ குளிரில், நோயாளிக் கணவரோடு, தனிமையில் இருந்த இளம்பெண். வீட்டில் குடியிருந்த ஒருவரோடு தனக்குத் தொடர்பு இருந்ததாகவும், அதை மறைக்கப் பேய்க் கதைகள் பயன்பட்டதாகவும் முதுமையில் ஒத்துக்கொண்டார் என்று பதிவு உண்டு. நான் அதைச் சொல்லி ஏளனம் செய்யப் போவதில்லை. அந்த வீட்டில் உதவி கேட்டுச் சுவரில் எழுதும் மனநிலை யாருக்கு இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்துப் பார்க்கிறேன்.

1935-இல் அவர்களும் போய்விட்டார்கள். பிறகு வந்த போதகர் பக்கத்து ஊரான லிஸ்டனிலேயே தங்கிக்கொண்டார். 1937 மே மாதம் பிரைஸ் காலி வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்து, 'தி டைம்ஸ்' இதழில் விளம்பரம் கொடுத்து, 48 பார்வையாளர்களைத் திரட்டினார். பெரும்பாலும் மாணவர்கள். எதைக் கவனிக்க வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று நீல அட்டை போட்ட குறிப்பேடு ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தார். எதைப் பார்க்கப் போகிறாய் என்பதை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்தால், பார்த்தவன் அதைத்தான் எழுதுவான். படிவம் அச்சடித்துப் பிழைத்த எங்களுக்குத் தெரியாததா?

அந்தக் காலத்தில் லண்டனில் பிளாஞ்செட் பலகையில் ஓர் ஆவி வந்து தன் பெயர் மேரி லேர் என்றது. தான் பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீ என்றும், மடத்தை விட்டு வந்து போர்லி நிலக்கிழார்களான வால்டுகிரேவ் குடும்பத்து ஒருவரை மணக்க இருந்ததாகவும், 1667-இல் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டதாகவும் கதை விரிந்தது. ஆக, 14-ஆம் நூற்றாண்டில் சுவருக்குள் இருந்த பெண் மூன்று நூற்றாண்டு நகர்ந்து நிலவறைக்கு வந்துவிட்டாள். ஒரே ஆளுக்கு இரண்டு இறப்புச் சான்றிதழ்! கார்லைல் நகரத்து மூத்த குருவானவர் ஃபிதியன்-ஆடம்ஸ் இதை நம்பி, சுவர்க் கிறுக்கல்கள் ஆங்கிலம் சரியாக வராத பிரெஞ்சுப் பெண் எழுதியவை என்று விளக்கினார்.

இதில் என் படிப்புக்குக் கொஞ்சம் வேலை உண்டு. அந்த ஆவி தன் பெயரை ஓர் 'எர்' போதாமல் இரண்டு 'எர்' போட்டு எழுதியது. 'லேர்' என்ற ஒலிக்குப் பிரெஞ்சில் காற்று, பரப்பு, யுகம் என்று பல சொற்கள், ஒவ்வொன்றுக்கும் வேறு எழுத்துக்கூட்டு. தித்தே எழுதும்போது இதில்தான் எங்களுக்குக் குட்டு விழும். எத்தா சிவிலில் ஆயிரக்கணக்கான பிரெஞ்சுப் பெயர்களை எழுதியவன் நான். இந்தக் கூட்டில் ஒரு குடும்பப் பெயர் என் பேனாவில் வந்ததில்லை. அதைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. ஆனால் காதால் கேட்ட பிரெஞ்சை ஆங்கிலக் கை எழுதியதுபோல் எனக்குப் படுகிறது. கிறுக்கல்களிலும் ஆங்கிலம் குறைகிறதே தவிர, பிரெஞ்சு வாடை வீசவில்லை. பிரெஞ்சுக்காரர் தப்பாக ஆங்கிலம் பேசினால் எப்படி இருக்கும் என்பது பாண்டிச்சேரிக்காரர்களுக்குத் தெரியும்.

1939 பிப்ரவரி 27-ஆம் தேதி இரவு, வீட்டை வாங்கியிருந்த கேப்டன் கிரெக்சன் பெட்டிகளைப் பிரிக்கும்போது எண்ணெய் விளக்கு கவிழ்ந்து தீப்பிடித்தது. ஆவி ஒன்று முன் ஆண்டே தீயை அறிவித்திருந்ததாம். இன்ஷூரன்ஸ்காரர்களோ ஆவியை விட்டுவிட்டு, தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று முடிவு செய்தார்கள். 1943-இல் பிரைஸ் நிலவறையைத் தோண்டியபோது இரண்டு எலும்புத் துண்டுகள் கிடைத்தன. ஓர் இளம்பெண்ணுடையவை என்றார். பன்றி எலும்பு என்றார்கள் போர்லி மக்கள், தங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் கொடுக்கவும் மறுத்தார்கள். 1945 மே மாதம் லிஸ்டனில் அடக்கம் நடந்தது. 1944-இல் இடிபாடுகளையும் அகற்றியிருந்தார்கள். அப்போதுகூட, காற்றில் ஒரு செங்கல் மிதப்பதாகப் புகைப்படம் வந்தது. இடிக்கும் வேலைக்காரர் எறிந்த கல்லாக இருக்கலாம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள்.

பிரைஸ் 1948-இல் இறந்தார். 1956-இல் டிங்வால், கோல்ட்னி, ட்ரெவர் ஹால் என்ற மூவர் சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்து அறிக்கை கொடுத்தார்கள். மணிக் கம்பிகளில் ஓடும் எலிகள், முற்றத்துப் பம்பின் சத்தம், பக்கத்துக் குடிசைப் பேச்சு எதிரொலிப்பது, மனிதக் கைகள் என்று காரணங்கள் வரிசையாக வந்தன. பிரைஸ் பக்கம் நின்று மறுப்பு எழுதியவர்களும் உண்டு. கதை முடியவில்லை. வீடு போன பிறகு பேய் வேட்டைக்காரர்கள் எதிரே உள்ள ஆலயத்துக்கு மாறிக்கொண்டார்கள். ராத்திரியில் வந்து கல்லறைகளுக்கு நடுவே திரிபவர்களால் ஊருக்குத் தொல்லை. அந்த மக்கள் கேட்காத புகழ் அது.

இவ்வளவு நியாயம் பேசும் நான், இனி என் கோப்பையும் பிரித்துக் காட்டவேண்டும்.

1980-களின் தொடக்கம். ஒரு நாள் இரண்டாம் ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு சைக்கிளில் வந்தேன். ஒரு பழைய மாடி வீட்டின் மொட்டைமாடியில் வெள்ளையாக ஏதோ அசைந்தது. சைக்கிளை நிறுத்திப் பார்த்தேன், கொடியில் காயும் புடவை. மறுநாள் அலுவலகத்தில் டீ குடிக்கும்போது புடவையை விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன். முகம் இல்லை என்று ஒரு வார்த்தை கூடச் சேர்த்தேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆறு மாதம் கழித்து, எங்கள் பியூன் அதே கதையை எனக்கே சொன்னார். அதற்குள் ஒரு வெள்ளைக்கார ஆபீசர் வந்திருந்தார், ஏமாந்த பெண் ஒருத்தி வந்திருந்தாள், ஒரு கிணறும் வந்திருந்தது.

அந்த வீட்டில் இருந்தவர் ஒரு விதவை அம்மா. மாடியை வாடகைக்கு விட்டுப் பிழைத்தவர். வெள்ளைப் புடவை அவருடையதுதான். ஒரு நாள் ஏதோ சான்றிதழ் நகலுக்காக என் மேஜைக்கு வந்தார். "மாடியில யாரும் தங்கமாட்டேங்கறாங்க தம்பி. பேய் இருக்குன்னு யாரோ கிளப்பி விட்டுட்டாங்க. அவங்களுக்கு என்ன கிடைச்சுதோ" என்றார். நான் தலை நிமிரவில்லை. நகலில் முத்திரை குத்திக் கையெழுத்துக்கு அனுப்பினேன். கட்டணம் வாங்கி ரசீது கொடுத்தேன். சில ஆண்டுகளில் அவர் காலமானார். அந்தப் பதிவும் எங்கள் ஏட்டில்தான் ஏறியது.

பிரைஸைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அவர் கோட்டுப் பையைப் பற்றி மற்றவர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. என் பையிலும் ஒரு கல் இருந்தது.

நண்பர் கேட்ட பேய்க்கதை இதுதான். பேய் உண்டா இல்லையா என்று என்னைக் கேட்காதீர்கள், அந்தப் பதிவேடு என் பொறுப்பில் இருந்ததில்லை. உங்கள் தெருவிலும் அப்படி ஒரு வீடு இருந்திருக்கும். கதையை யார் முதலில் சொன்னார், அப்போது அந்த வீட்டில் யார் குடியிருந்தார் என்று நினைவிருந்தால் எனக்கு எழுதுங்கள்.